மூக்குக்கு மறதி கிடையாது

(மூன்றாமாண்டு, வேதிப் பொறியியல் துறை)



"ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் குடுடா. கவிதை மட்டும் வேணாம், கவிதை ஏகப்பட்டது வந்திருச்சு" என்று மாணவர் மன்றச் செயலாளர் கேட்டபோது எதைப் பற்றி எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை. நான் எழுத்தாளன் இல்லை. ரெக்கார்டு நோட்டைத் தவிர வேறு எதையும் முழுசாக எழுதி முடித்தவனும் இல்லை. அப்புறம் யோசித்தேன். மலருக்குத்தானே எழுதச் சொல்கிறார்கள், மலரைப் பற்றியே எழுதினால் என்ன? எனக்கு நடக்கத் தெரிந்த நாளிலிருந்து நன்றாகத் தெரிந்த விஷயம் அது ஒன்றுதான்.

மலர் என்றால் சினிமாப் பாட்டில் வருகிற மலர் இல்லை. தராசில் கிலோக் கணக்கில் எடை போட்டு விற்கிற மல்லிகைப் பூ. அதன் வாசம். அந்த வாசம் சென்ட் பாட்டிலுக்குள் போய்ச் சேருகிற கதை. கூடவே, ஒரு சென்ட் பாட்டிலை நம்பி நான் செய்த ஒரு தப்பு.

தப்பிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

முதலாமாண்டு விடுதிக்கு வந்தபோது என்னிடம் இருந்தது ஒரு பழைய சூட்கேஸ், நான்கு சட்டை, இரண்டு பேண்ட். எங்கள் வீடு நிலக்கோட்டைப் பக்கம் ஒரு மல்லிகைத் தோட்டத்துக்குள் இருக்கிறது. தோட்டம் எங்களுடையது அல்ல. காவலுக்கும் வேலைக்குமாக அங்கேயே குடியிருக்கிறோம். ஒரே அறை. ஒரு மூலையில் விறகு அடுப்பு. இன்னொரு மூலையில் தோட்டக்காரருடைய மருந்தடிக்கும் ஸ்பிரேயரும் பூச்சி மருந்து டப்பாக்களும். அதை ஒட்டித்தான் என் சூட்கேஸ் இருக்கும். ஆகவே என் சட்டையில் எப்போதும் மூன்று வாசம் சேர்ந்தே இருக்கும். பூ, புகை, பூச்சி மருந்து. இது எனக்குத் தெரியவே தெரியாது. அவரவர் வீட்டு வாசம் அவரவர் மூக்குக்குத் தெரியாது அல்லவா?

ஒருநாள் இயற்பியல் லேபில் பக்கத்தில் நின்ற நண்பன் மூக்கைச் சுளித்துக்கொண்டு கேட்டான்: "என்னடா, உன் சட்டையில மூட்டைப்பூச்சி மருந்து நாத்தம் அடிக்குது?"

நாலு பேர் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். கேட்டவன் கெட்டவன் இல்லை, இன்றைக்கும் என் நெருங்கிய நண்பன்தான். ஆனால் அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. விடிவதற்கு முன்னால் எழுந்து, அறை நண்பனின் மாமா துபாயிலிருந்து கொண்டுவந்த சென்ட் பாட்டிலை அலமாரியிலிருந்து எடுத்து, அவனைக் கேட்காமல் சட்டையில் இரண்டு தடவை அடித்துக்கொண்டேன். திருட்டுத்தான். கை நடுங்கியது. ஆனால் அன்றைக்கு முழுக்க யாரும் என்னைப் பார்த்து மூக்கைச் சுளிக்கவில்லை. அந்த வருஷம் முழுக்க என்னுடைய முதல் செலவு மெஸ் பில் இல்லை, சென்ட் பாட்டில்தான்!

இரண்டு வருஷம் கழித்து இன்றைக்கும் அந்த துபாய் சென்ட்டின் வாசம் எங்கேயாவது வந்தால் எனக்கு அந்த விடியற்காலையும் கை நடுக்கமும்தான் முதலில் ஞாபகம் வருகிறது. வாசத்துக்கு அப்படி ஒரு சக்தி!

இது ஏன் என்று நூலகத்தில் ஒரு புத்தகத்தில் படித்தேன். கண் பார்ப்பதும் காது கேட்பதும் மூளையின் நடுவில் உள்ள ஒரு நிலையத்தைத் தாண்டித்தான் மற்ற இடங்களுக்குப் போகின்றன. வாசம் மட்டும் அந்த நிலையத்தில் இறங்காமல், நினைவையும் உணர்ச்சியையும் கவனிக்கிற பகுதிகளுக்கு நேராகப் போய்விடுகிறதாம். பாயிண்ட் டூ பாயிண்ட் பஸ் மாதிரி! மனித மூக்கில் வாசத்தைப் பிடிக்கிற ஏற்பிகள் சுமார் 400 வகை இருக்கின்றன. இவற்றைக் கண்டுபிடித்த ரிச்சர்ட் ஆக்செல், லிண்டா பக் இருவருக்கும் 2004-ல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. நம் மூக்குக்காக ஒரு நோபல் பரிசே கொடுத்திருக்கிறார்கள் நண்பர்களே, நாம்தான் அதைச் சளி பிடிக்கும்போது மட்டும் நினைத்துக்கொள்கிறோம்.

கண்ணை மூடிக்கொண்டு யோசித்தால் ஒவ்வொருவருக்கும் ஒரு வாசப் பெட்டி உள்ளே இருக்கும். என் பெட்டியில் முதலில் இருப்பது எங்க அப்பத்தாவின் ஜவ்வாது. உள்ளங்கைக்குள் அடங்குகிற சின்ன டப்பா. சந்தனமும் புனுகும் மற்ற வாசனைகளும் சேர்ந்த பொடி. கல்யாண வீட்டுக்குக் கிளம்பும்போது சுண்டு விரலால் ஒரு சிட்டிகை எடுத்து இரண்டு காதுக்கும் பின்னால் தடவிக்கொள்ளும். "எனக்கு அப்பத்தா" என்று நான் கையை நீட்டினால், "ஆம்பளப் பயலுக்கு எதுக்குடா" என்று சொல்லிக்கொண்டே என் சட்டைக் காலரிலும் தடவும். அப்பத்தா போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது. அதனுடைய சேலை இருந்த தகரப் பெட்டியைத் திறந்தால் இன்றைக்கும் கல்யாண வீட்டுக்குக் கிளம்பி நிற்கிற அப்பத்தா அப்படியே எதிரில் வந்து நிற்கிறது.

அடுத்தது அப்பாவின் அத்தர். அப்பா பூ மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். வருஷத்தில் ஒரே ஒருநாள் தனக்காகச் செலவு செய்வார். மதுரையில் அழகர் ஆற்றில் இறங்கும் அன்று. கூட்டத்தில் மரப்பெட்டி நிறைய குட்டிக் குட்டி பாட்டில்களோடு அத்தர் விற்கிற பாய் ஒருவர் வருவார். ஒரு சின்னப் பஞ்சை அத்தரில் தொட்டுக் கொடுப்பார். அப்பா அதைப் பாதியாகப் பிய்த்து, ஒன்றைத் தன் காது மடலிலும் மற்றொன்றை என் காது மடலிலும் செருகிவிடுவார். மூன்று நாளைக்கு அந்தப் பஞ்சை எடுக்க மாட்டேன். உத்தரப்பிரதேசத்தில் கன்னோஜ் என்ற ஊரில் செம்புப் பானைகளில் பூவைப் போட்டுக் காய்ச்சி, அந்த ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்கி அத்தர் எடுக்கிறார்கள் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். சுட்ட மண்ணைக் காய்ச்சி, முதல் மழை விழுந்த மண் வாசத்தையே அத்தராக எடுத்துவிடுகிறார்களாம்! பாடத்தில் டிஸ்டிலேஷன் வந்தபோது எல்லாரும் படத்தை மனப்பாடம் செய்தார்கள். எனக்கு அப்பாவின் காதில் இருந்த பஞ்சு ஞாபகம் வந்தது. அந்தத் தேர்வில் மட்டும் நல்ல மதிப்பெண்.

மூன்றாவதாக இருப்பதுதான் மல்லிகை. இதைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

எங்கள் பக்கத்து மல்லிகைக்கு 2013-ல் 'மதுரை மல்லி' என்று புவிசார் குறியீடு கிடைத்தது. ஊருக்கே பெருமை. ஆனால் அந்தப் பெருமை காலை மூன்றரை மணிக்கு எழுந்திருக்க வேண்டும். தலையில் துண்டைக் கட்டி, அதன்மேல் பேட்டரி லைட்டை மாட்டிக்கொண்டு, சேலைக்கு மேல் அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு அம்மா இறங்குவார். மாலைக்கும் தலைக்கும் போகிற பூ மொட்டாக இருக்கும்போதே பறித்தாக வேண்டும். வெயில் ஏறுவதற்குள் மார்க்கெட்டில் இருந்தாக வேண்டும். பத்து விரலும் ஓயாமல் வேலை செய்தால் அம்மா மூன்று கிலோ பறிப்பார். மூன்று கிலோ என்பது எத்தனை ஆயிரம் மொட்டு என்று யாரும் எண்ணுவதில்லை. தராசுக்கு எண்ணத் தெரியாதே!

சின்ன வயதில் அம்மாவின் கையை முகர்ந்துகொண்டே தூங்கியிருக்கிறேன். அந்தக் கையில் பூ வாசம் மட்டும் இருக்காது. காம்பைக் கிள்ளும்போது வருகிற பச்சை வாசம், ஈரச் சாக்கு வாசம், மருந்தடித்த செடியின் கசப்பு எல்லாம் இருக்கும். என் மூக்குக்கு அம்மா என்றால் அதுதான்.

2020-ஐ நீங்கள் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். மார்ச் கடைசியில் ஊரடங்கு. நான் ஏழாவது, அக்கா பத்தாவது. கோயில் இல்லை, கல்யாணம் இல்லை, பஸ் இல்லை. பூவுக்கு என்ன வேலை? அதுவோ மல்லிகைக்கு நல்ல சீசன். செடிக்கு ஊரடங்கு தெரியாது, அதுபாட்டுக்குப் பூத்துக்கொண்டே இருந்தது. பறிக்காமல் விட்டால் செடி கெடும் என்று முதல் சில நாள் பறித்து வரப்பில் கொட்டினார்கள். வெள்ளை வெளேரென்று குவிந்து கிடந்தது. இரண்டாம் நாள் பழுப்பாகி, மூன்றாம் நாள் அழுகியது. நண்பர்களே, மல்லிகை அழுகினால் எப்படி இருக்கும் தெரியுமா? வாசம் மறையாது. அதே வாசம் கனமாகி, செத்த எலி கிடக்கிற மாதிரி ஆகிவிடும். அந்த நாற்றத்தில்தான் நாங்கள் சாப்பிட்டோம், அந்த நாற்றத்தில்தான் அப்பா வட்டிக்குக் கடன் வாங்கப் போனார்.

ஜூன் மாதத்தில் பத்தாம் வகுப்புக்கு எல்லாரும் பாஸ் என்று அரசு அறிவித்தது. அக்கா குதிக்கவில்லை. பரீட்சை எழுதியிருந்தால் பள்ளிக்கூடத்தில் முதலாவதாக வந்திருக்கும், அவ்வளவு நன்றாகப் படிக்கும். "பரவாயில்ல, பாஸ்தானே" என்று மட்டும் சொன்னது. பள்ளிக்கூடம் திறக்கவும் பதினொன்றாவது சேருவதைப் பற்றி வீட்டில் யாரும் பேச்செடுக்கவில்லை. கடன் இருந்தது. மார்க்கெட் திறந்திருந்தது. இன்னும் பத்து விரல் தேவைப்பட்டது. ஒருநாள் காலையில் நான் எழுந்தபோது அம்மாவின் தலையில் ஒரு லைட், பக்கத்துப் பாத்தியில் அக்காவின் தலையில் இன்னொரு லைட். அவ்வளவுதான். யாரும் அழவில்லை, யாரும் சத்தம் போடவில்லை. அந்த இரண்டாவது லைட் வெளிச்சத்தில்தான் நான் இந்தக் கல்லூரிக்கு வந்தேன்.

இப்போது என் தப்பின் பெரிய பாகத்தைச் சொல்கிறேன்.

முதலாமாண்டு இரண்டாவது செமஸ்டரில் ஒருநாள் அம்மா விடுதிக்கு வந்துவிட்டார். முன்கூட்டிச் சொல்லவில்லை. மார்க்கெட்டில் பூவைப் போட்டுவிட்டு, அப்படியே பஸ் ஏறி வந்திருக்கிறார். சேலைக்கு மேல் அதே முழுக்கைச் சட்டை. கழுத்தில் துண்டு. கையில் எள்ளுருண்டைப் பொட்டலம். கேட்டில் எங்கள் வகுப்புப் பையன்கள் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். நான் ஓடிப்போய் அம்மாவைக் கையைப் பிடித்து வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம், யார் கண்ணுக்கும் படாத இடத்துக்குக் கூட்டிப் போனேன். பொட்டலத்தை வாங்கிக்கொண்டு சொன்னேன்:

"இனிமே வந்தா பஸ் ஸ்டாண்டிலயே நில்லும்மா. போன் பண்ணு, நானே வாரேன். இங்கிட்டு வர வேணாம்."

அம்மா என்னைப் பார்த்தார். அப்புறம் தன் சட்டையைக் குனிந்து பார்த்தார். "சரிப்பா" என்றார். வேறு ஒரு வார்த்தை இல்லை.

இரண்டு மாதம் கழித்து பஸ் ஸ்டாண்டிலிருந்து போன் வந்தது. போனேன். அம்மா தீபாவளிச் சேலை கட்டியிருந்தார். முகத்திலும் கழுத்திலும் பவுடர் திட்டுத் திட்டாக. வாசனைச் சோப்புப் போட்டுக் குளித்திருந்தார். தலையில் பூ இல்லை. எனக்கு நினைவு தெரிந்து அம்மாவின் தலையில் பூ இல்லாமல் பார்த்ததில்லை.

"ஏம்மா பூ வைக்கல?"

"வாசம் அடிக்குமேன்னுதான் சாமி."

அன்றைக்கு அம்மாவிடம் அம்மா வாசமே இல்லை. கடையில் விற்கிற பவுடர் வாசம்தான் இருந்தது. பஸ் கிளம்பும் வரை நான் ஏதேதோ பேசினேன். என்ன பேசினேன் என்று ஞாபகம் இல்லை. ஆனால் அந்தப் பவுடர் வாசம் ஞாபகம் இருக்கிறது. விடுதியில் யாராவது அதே பவுடரைப் போட்டுக்கொண்டு எதிரில் வந்தால் இன்றைக்கும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

தமிழய்யா ஒருமுறை சொன்னது நினைவிருக்கிறது. பழைய தமிழில் 'நாற்றம்' என்றால் நறுமணம். பூவின் நாற்றம் என்றுதான் புலவர்கள் பாடியிருக்கிறார்கள். காலப்போக்கில் அதே சொல் கெட்ட வாசத்துக்கு ஆகிவிட்டது. சொல் ஒன்றுதான், மூக்கைச் சுளிக்கக் கற்றுக்கொண்டது நாம். இது சொல்லுக்கு மட்டுமல்ல, வாசத்துக்கும் பொருந்தும் என்பதை எனக்குப் புரியவைத்தது இரண்டாமாண்டு விடுமுறையில் போன தொழிற்பயிற்சி.

எங்கள் வட்டாரத்திலேயே பூவிலிருந்து வாசனைச் சாறு எடுத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஒரு தொழிற்சாலை. இத்தனை வருஷமாக அதன் வாசலைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போயிருக்கிறேன். உள்ளே போனது அன்றுதான். விலை இறங்கும் நாட்களில் மார்க்கெட்டில் மிஞ்சுகிற பூ இங்கேதான் வரும். சாயங்காலம் லாரியில் வந்த மொட்டைத் தரையில் மெல்லிசாகப் பரப்பி வைத்தார்கள். ஏன் உடனே போடவில்லை என்று கேட்டேன். "மல்லிகை மொட்டுல வாசம் கிடையாது தம்பி. ராத்திரி விரியும்போதுதான் அது வாசத்தை உண்டாக்கும். விரிஞ்சாத்தான் நமக்கு வேலை" என்றார் சூப்பர்வைசர். பூ விரிவதற்காக ஒரு தொழிற்சாலையே காத்திருக்கிறது!

ராத்திரி பத்து மணிக்கு மேல் வேலை ஆரம்பித்தது. நீராவியில் வேக வைத்தால் மல்லிகையின் நயமான வாசம் கெட்டுப்போகும். அதனால் ஹெக்ஸேன் கரைப்பானில் கழுவுகிறார்கள். ஒன்றன்மேல் ஒன்று அமுங்காமல் இருக்க, பூவை ஓட்டை போட்ட தட்டுகளில் அடுக்கி, பெரிய எவர்சில்வர் கலத்துக்குள் இறக்கி, ஹெக்ஸேனை ஊற்றி இரண்டு மூன்று தடவை ஊறவைத்து வடிக்கிறார்கள். வாசமும் பூவின் மெழுகும் ஹெக்ஸேனில் கரைந்து வந்துவிடும். ஹெக்ஸேன் 69 டிகிரியிலேயே கொதிக்கும் என்பது நமக்குத் தெரிந்ததுதான். அதை ஆவியாக்கிக் குளிரவைத்துத் திரும்பப் பிடித்துக்கொள்கிறார்கள். மிச்சம் நிற்பது மஞ்சள் நிறத்தில் மெழுகு மாதிரி ஒரு பொருள். அதற்குப் பெயர் காங்க்ரீட்! நம் சிவில் துறை நண்பர்கள் சண்டைக்கு வரவேண்டாம், பெயர் அதுதான். காங்க்ரீட்டை ஆல்கஹாலில் கரைத்து, நன்றாகக் குளிரவைத்தால் மெழுகு உறைந்து பிரியும். வடிகட்டி, வெற்றிடத்தில் ஆல்கஹாலை எடுத்துவிட்டால் கடைசியில் நிற்பது அப்சல்யூட். உலகத்தின் விலை உயர்ந்த சென்ட்களுக்குள் போகிற மல்லிகை அதுதான். பிரான்சில் கிராஸ் என்ற ஊர் இந்தத் தொழிலுக்குப் பேர் போனது. முன்காலத்தில் அங்கே கொழுப்புத் தடவிய கண்ணாடியில் பூவைப் பரப்பி, வாசத்தைக் கொழுப்பில் ஏற்றி எடுத்தார்களாம். அந்த ஊரின் வாசனைக் கலையை 2018-ல் யுனெஸ்கோ பண்பாட்டுப் பட்டியலில் சேர்த்திருக்கிறது.

"எவ்வளவு பூவுக்கு எவ்வளவு கிடைக்கும் சார்?" என்று கேட்டேன்.

"அப்சல்யூட்டா? ஏறக்குறைய ஆயிரம் கிலோவுக்கு ஒரு கிலோ வச்சுக்க."

எனக்குக் கணக்கு ஓடியது. ஆயிரத்துக்கு ஒன்று. அம்மா ஒருநாளில் பறிப்பது மூன்று கிலோ. அப்படியானால் அம்மாவின் ஒருநாள் மூன்று கிராம். ஒருநாள்கூட விடாமல் பறித்தாலும் ஒரு கிலோவுக்கு அம்மாவுக்கு 333 நாள் ஆகும். ஏறத்தாழ ஒரு வருஷத்து விடியற்காலை முழுவதும் ஒரு கிலோ பாட்டிலுக்குள் அடங்கிவிடுகிறது!

கடைசி நாளன்று லேபில் ஒரு சின்னக் குப்பியைத் திறந்து, ஒரு காகிதப் பட்டையை அதில் நனைத்து என்னிடம் நீட்டினார்கள். பழுப்பும் சிவப்புமான திரவம். ஆசையாக முகர்ந்தேன்.

தூக்கி வாரிப் போட்டது. அது மல்லிகை வாசமே இல்லை. கனமான, அடி வயிற்றைப் பிரட்டுகிற ஒரு வாசம். எனக்கு நன்றாகத் தெரிந்த வாசம். 2020-ல் வரப்பில் கிடந்த குவியல்! அப்பா கடன் கேட்கப் போன நாள்!

என் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு லேபில் இருந்த மேடம் விளக்கினார். மல்லிகை வாசத்தில் பல பொருள்கள் உண்டு, அதில் ஒன்று இன்டோல். இதே இன்டோல்தான் மலத்திலும், அழுகுகிற பொருள்களிலும் இருக்கிறது. அடர்த்தியாக இருந்தால் நாற்றம், மிகக் கொஞ்சமாக இருந்தால் மல்லிகைக்கு உயிர். "இதை எடுத்துட்டா மல்லிகை சோப்புத் தண்ணி மாதிரி ஆயிடும். நாத்தம் இல்லாம வாசம் இல்லப்பா" என்றார். பட்டையை ஆல்கஹாலில் நீர்க்கச் செய்து மறுபடி கொடுத்தார். இப்போது பூத்த பந்தல் மாதிரி மணத்தது. அதே பொருள், அதே காகிதம்!

"ஆம்பளைங்க போடுற சென்ட்லயும் இது போகுமா மேடம்?"

"நிறைய போகும். விலை குறைஞ்ச சென்ட்ல மட்டும் பூ இருக்காது. அதுக்கு பென்சைல் அசிடேட் மாதிரி ஃபேக்டரியிலயே செஞ்சு போடுவாங்க."

என் துபாய் பாட்டிலில் நிஜப் பூ ஒரு சொட்டுகூட இருந்திருக்காது என்று அப்போது புரிந்தது. நிஜப் பூ என் சட்டையில்தான் இருந்திருக்கிறது. நிஜத்தை மறைக்க நான் போலியை வாங்கி அடித்திருக்கிறேன், அதுவும் அம்மா அனுப்பிய காசில்.

அந்தக் காகிதப் பட்டையைக் கேட்டு வாங்கி, பாலித்தீன் உறையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனேன். அம்மாவிடம் நீட்டினேன். "இது நம்ம பூதாம்மா. பிரான்சுக்குப் போகுது" என்றேன். அம்மா முகர்ந்தார். ரொம்ப நேரம் முகர்ந்தார். அப்புறம் சொன்னார்: "நல்லாத்தான் இருக்கு. ஆனா கிள்ளுற வாசம் இல்லையே."

இதை எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. காம்பைக் கிள்ளும்போது வருகிற அந்தப் பச்சை வாசம் அந்தப் பட்டையில் இல்லைதான். அது பறிக்கிற கையோடு நின்றுவிடுகிறது, பாட்டில் வரை போவதில்லை. வாங்குகிறவர்களுக்கு அது தெரியவும் தெரியாது. நான் அம்மாவின் கையைப் பிடித்து முகர்ந்தேன். அங்கே இருந்தது. "என்னடா சின்னப் புள்ள மாதிரி" என்று அம்மா கையை இழுத்துக்கொண்டார். பஸ் ஸ்டாண்டில் நடந்ததற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்துத்தான் போனேன். வாய் வரவில்லை. "அடுத்த தடவை காலேஜுக்கே வாம்மா. பூ வச்சுக்கிட்டு வா" என்று மட்டும் சொன்னேன். அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. நம் அம்மாக்களுக்குப் பாதி சொன்னால் போதும்.

அக்கா அந்தப் பட்டையை வாங்கி முகர்ந்துவிட்டு வாசத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வேறொன்று கேட்டது: "அந்த லேபில ஒரு மேடம் இருந்தாங்கன்னியே, அவங்க என்னடா படிச்சிருக்காங்க?"

நான் சொன்னேன். அக்கா காகிதத்தை உறையில் போட்டு மடித்துத் தன் நோட்டுக்குள் வைத்துக்கொண்டது. பத்தாம் வகுப்பு அறிவியல் நோட்டு. ஐந்து வருஷமாக அதைப் பத்திரமாக வைத்திருக்கிறது என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். அந்த நோட்டைப் பார்த்த பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. என் சட்டை வாசத்தைப் பற்றி நாலு பேர் சிரித்ததை நான் பெரிய கஷ்டமாக நினைத்திருந்தேனே!

நண்பர்களே, பத்தாம் வகுப்பு தேறியவர்கள் பாலிடெக்னிக்கில் சேரலாம் என்பது நமக்கெல்லாம் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் அது எங்க அக்காவுக்கும் பொருந்தும் என்று எனக்குத் தோன்றவே இல்லை, பாருங்கள். அது பூப்பறிக்கும், நான் படிப்பேன் என்று மனசுக்குள் ஒரு பாத்தி கட்டி வைத்திருக்கிறேன். அதைவிடவா பூச்சி மருந்து நாற்றம் மோசம்?

சொன்னேன். "போடா, சின்னப் புள்ளைங்களோட போயி உக்காரச் சொல்றியா?" என்றது. "கடனு?" என்றது. "அம்மா தனியாப் பறிக்குமா?" என்றது. மூன்று கேள்விக்கும் என்னிடம் முழுப் பதில் இல்லை. கடனில் இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது. எனக்கு வேலை கிடைத்தால் முதல் வேலை அதை அடைப்பதுதான். அப்பாவிடமும் பேசினேன். அவர் நேராகப் பதில் சொல்லவில்லை. "மார்க் சீட்டு எங்க இருக்குன்னு தேடுங்க" என்றார். எங்க அப்பாவைத் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய சம்மதம் என்று தெரியும்.

சென்ற மாதம் அம்மா கல்லூரிக்கே வந்தார். கேட்டு வரைக்கும் இல்லை, விடுதி வராண்டா வரைக்கும். தலை நிறையப் பூ. லேபில் என்னைக் கேலி செய்த அதே நண்பன்தான் எள்ளுருண்டையில் பாதியைத் தின்றான். "என்னம்மா, பூ வாசம் தூக்குது!" என்றான். அம்மா வெட்கப்பட்டுச் சிரித்தார். துபாய் பாட்டிலின் சொந்தக்காரனிடம் அந்தப் பழைய திருட்டை அன்றைக்குத்தான் ஒப்புக்கொண்டேன். "அன்னைக்கே தெரியும்டா. நீ அடிச்ச அடியில ரூமே மணத்துச்சு" என்றான். இத்தனை நாளும் தெரிந்தும் கேட்காமல் இருந்திருக்கிறான்!

நம்மில் பலர் வீட்டில் முதல் ஆளாகப் படிக்க வந்தவர்கள். ஒவ்வொருவர் சட்டையிலும் ஒரு வாசம் இருக்கும். மீன் வாசம், தோல் வாசம், மாட்டுக் கொட்டகை வாசம், மெஷின் ஆயில் வாசம். சென்ட் அடிப்பது தப்பில்லை, நானும் அடிக்கிறேன். யாருக்குத்தான் மணக்க ஆசை இல்லை? ஆனால் எதை மறைப்பதற்காக அடிக்கிறோம் என்று ஒருதரம் யோசியுங்கள். மறைத்துவிடலாம், ஆனால் மூக்கு மறக்காது.

கடைசியாக, முதலாமாண்டில் வந்து சேரப்போகிற தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். வருகிற ஜூன் மாதத்தில், உங்களைவிட ஐந்தாறு வயது மூத்த ஒரு பெண், விடியற்காலை பூப்பறித்துவிட்டு ஈரக் கையோடு வந்து உங்கள் பக்கத்து பெஞ்சில் உட்காரலாம். பூவும் புகையும் மருந்துமாக ஒரு வாசம் வரும். மூக்கைச் சுளிக்காதீர்கள். கணக்கில் ஏதாவது சந்தேகம் இருந்தால் கேளுங்கள், நன்றாகச் சொல்லிக் கொடுக்கும்.

அது எங்க அக்கா.